மூட்டு வலி உள்ள பாட்டியும் வரலாம்... களியக்காவிளையிலிருந்து ஒரு குளத்தங்கரை நடை!

களியக்காவிளையில் பொழுது விடிவதே இரண்டு மொழிகளில்தான். ஒரு பக்கம் திருவனந்தபுரம் போகும் கேரள பஸ், இன்னொரு பக்கம் நாகர்கோவில் போகும் தமிழ்நாடு பஸ். இரண்டுக்கும் நடுவே ஒரே கடையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டு இரு மாநிலத்துக்காரர்களும் நிற்பார்கள்.

லீவு நாளில் குடும்பத்தோடு எங்கே போவது என்ற பேச்சு வந்தால், இங்கே உடனே வரும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான். திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலைக்கோயில், கன்னியாகுமரி. எல்லாமே நல்ல இடங்கள். ஆனால், மாத்தூரில் பாலத்தின் அடிக்குப் போக படிக்கட்டு. சிதறாலில் ஏற்றம். அருவியில் வழுக்கும் பாறை. கடைசியில் வீட்டில் ஒருவர் மட்டும், 'நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் இங்கனயே இருக்கேன்' என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் அது மூட்டு வலி உள்ள பாட்டியாகத்தான் இருக்கும்.

அந்தப் பாட்டியையும், நடக்கப் பழகும் பேரக்குழந்தையையும் சேர்த்தே அழைத்துப்போக இந்த மாவட்டத்தில் வேறு ஒரு வழி இருக்கிறது. ஏற்றம் இல்லை, படி இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தலைக்கு மேலே பறவைகள். தேரூர், சுசீந்திரம், மணக்குடி. இந்த மூன்று இடங்களின் கரைகளில் காலாற நடந்தால், தமிழ்நாட்டின் மிக முக்கியமான பறவை வாழிடங்களில் ஒன்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மேற்கே விளை, கிழக்கே குளம்

சமதளமான நடைக்கு எதற்காகக் களியக்காவிளையிலிருந்து கிழக்கே போக வேண்டும்? இதற்கான பதில் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

விளவங்கோடு பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் 'விளை' என்று முடியும். விளை என்றால் மேட்டு நிலம். தென்னையும் பலாவும் மரச்சீனியும் ரப்பரும் நிற்கும் தோட்டம். இரண்டு விளைகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில்தான் நெல் வயல். அதை 'ஏலா' என்பார்கள். மேடும் பள்ளமுமாக நிலம் கிடப்பதால் இங்கே எந்தத் தெருவிலும் பத்து நிமிடம் நடந்தால் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் வந்துவிடும். மழையும் இந்தப் பக்கம் தாராளம்.

தக்கலையைத் தாண்டி நாகர்கோவிலை நெருங்க நெருங்க நிலம் தட்டையாகிறது. மழையும் குறைகிறது. இதுதான் நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. உழவின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள், பெய்கிற மழையையும் மலையிலிருந்து வருகிற ஆற்றுநீரையும் தேக்க, தட்டையான நிலத்தில் நீளமாகக் கரை எழுப்பினார்கள். அப்படி உருவானவைதான் குளங்கள். சின்னதும் பெரியதுமாக மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் உள்ளன.

இன்று நாம் நடக்கப்போகும் பாதை, அந்தக் கரைதான். சுற்றுலாவுக்காக யாரும் போட்ட பாதை இல்லை இது. வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போனவர்களும், மாடு ஓட்டிப் போனவர்களும் நடந்து நடந்து உண்டான தடம்.

எப்படிப் போவது?

களியக்காவிளையிலிருந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில். தூரம் 40 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிடுவது நல்லது. அங்கிருந்து கன்னியாகுமரி சாலையில் சில கிலோமீட்டர் போனால் சுசீந்திரம். தேரூர் அதற்குப் பக்கத்து ஊர். நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ்கள் இருக்கின்றன.

முதல் பஸ்ஸைப் பிடிப்பது முக்கியம். பறவைகளின் ஆபீஸ் நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. வெயில் ஏறிவிட்டால் அவையும் நிழல் தேடிப் போய்விடும். மாலை நான்கு மணிக்கு மேல் அடுத்த ஷிப்ட்.

தேரூர்: தண்ணீரின் மேல் நடக்கும் கோழி

தேரூர் என்றதும் பள்ளியில் படித்தவர்களுக்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நினைவுக்கு வருவார். 1876-ல் அவர் பிறந்த ஊர் இது. குழந்தைகளுக்காக அத்தனை எளிமையாக எழுதியவரின் ஊர்க் குளத்தில், குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும் காட்சி ஒன்று தினமும் நடக்கிறது. கோழியளவுகூட இல்லாத ஒரு பறவை, தண்ணீரின் மேல் சாவகாசமாக நடந்து போகும்!

இலைக்கோழி என்று அதற்குப் பெயர். உண்மையில் அது நடப்பது தாமரை இலை மேல். உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளமான விரல்கள் அதற்கு. அந்த விரல்கள் உடல் எடையைப் பரவலாகத் தாங்குவதால் இலை அமிழ்வதில்லை. இன்னொரு அதிசயம், இலைக்கோழி வீட்டில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பாட்டியிடம் இதைச் சொன்னால் வீட்டுக்குத் திரும்பும்வரை பேச்சு ஓடும்.

குளத்தைப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பறவையின் பெயர் தெரிய வேண்டாம். தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள்.

கரையை ஒட்டிய சேறும் கணுக்கால் தண்ணீரும் ஒரு பகுதி. அங்கே உள்ளான்கள் ஊசி போன்ற அலகால் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். சிவந்த குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான் நிற்கும். முழங்கால் ஆழத்தில் கொக்குகளும் நாரைகளும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் அசைக்கும். மீன் பட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுக்க அந்த அலகு அதற்குத் தோதாக இருக்கிறது.

நடுக்குளம், ஆழமான பகுதி. அங்கே கூழைக்கடாக்கள் படகுபோல மிதக்கும். முக்குளிப்பான் ஓர் இடத்தில் மூழ்கி எதிர்பாராத இன்னோர் இடத்தில் தலை தூக்கும். அது எங்கே எழும் என்று பந்தயம் வைத்தால் குழந்தைகளுக்குக் கைபேசி நினைவே வராது. பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். முதல்முறை பார்ப்பவர்கள் நிஜப் பாம்பு என்றே பதறுவார்கள்.

ஆழம், நடுத்தரம், சேறு. இந்த மூன்றும் ஒரே குளத்தில் இருந்தால்தான் இத்தனை வகைப் பறவைகள் ஒரே இடத்தில் கூடும். கரையிலிருந்து கரைக்கு ஒரே ஆழமாகத் தோண்டப்பட்ட குளத்திலும், ஆகாயத்தாமரை மூடிய குளத்திலும் இந்தக் கூட்டம் இருக்காது.

சுசீந்திரம்: ஹாரன் சத்தத்துக்குப் பழகிய பறவைகள்

சுசீந்திரம் என்றால் எல்லோருக்கும் தாணுமாலயன் கோயிலும் 18 அடி உயர அனுமனும்தான். கோயிலுக்கு வருகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே குளம் தெரியும். கன்னியாகுமரி சாலை இந்தக் குளத்தை ஒட்டித்தான் போகிறது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் போட்டோ எடுப்பதற்குள் பஸ் கடந்துவிடும்.

இறங்கிப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி. குளத்துக்குள் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். மற்ற நீர்ப்பறவைகளைப் போல அதன் இறகு தண்ணீரை முழுதாக ஒட்டவிடாமல் தடுக்காது. அதனால்தான் எளிதாக மூழ்க முடிகிறது. அதனால்தான் வெயிலில் காயவும் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் அரிவாள்போல வளைந்த அலகோடு அரிவாள் மூக்கன்கள். நாணல் ஓரத்தில் நீல உடம்பும் சிவப்பு நெற்றியுமாக நீலத் தாழைக்கோழி. லாரி ஹாரன் அடித்தாலும் இவை அசைவதில்லை. ஆனால், மனிதர் ஒருவர் கரையை விட்டு இறங்கி இரண்டடி வைத்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும்.

மார்கழியில் வந்தால் இரட்டிப்பு லாபம். கோயிலில் தேர்த் திருவிழா நடக்கும் அதே பருவத்தில்தான் குளத்திலும் வெளியூர்க் கூட்டம். வடக்கே குளிர்காலம் தொடங்கும்போது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை தெற்கு நோக்கிக் கிளம்புகின்றன. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் 'மத்திய ஆசிய வலசைப் பாதை' ஏறக்குறைய 30 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. இந்தியப் பெருநிலத்தில் அந்தப் பாதையின் தென்முனையை ஒட்டி இருப்பவை இந்தக் குளங்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் நிலம் முடிந்து கடல்தான்.

செப்பேட்டில் இருக்கும் குளம்

2022-ல் 'சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம்' என்ற பெயரில் 94.23 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 233 ஏக்கர். ஈரான் நாட்டின் ராம்சார் நகரத்தில் 1971 பிப்ரவரி 2-ம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்குத் தரப்படும் அங்கீகாரம் இது. அந்தத் தேதிதான் இப்போது உலக ஈரநில நாள். அதே 2022-ல் இதே மாவட்டத்தின் வேம்பனூர் குளமும் 19.75 ஹெக்டேரோடு பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவின் மிகச் சிறிய ராம்சார் தலங்களில் ஒன்று அது.

ராம்சார் ஆவணம் தரும் கணக்கின்படி, சுசீந்திரம் தேரூர் பகுதியில் பதிவான பறவை இனங்கள் சுமார் 250. அவற்றில் 53 வலசை வருபவை. 9-ம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்றில் இந்தப் பகுதியின் பசுங்குளம், பெருங்குளம் போன்ற பெயர்கள் இருப்பதையும் அந்த ஆவணம் குறிப்பிடுகிறது. தேரூரை நம்பி வாழும் சுமார் 10,500 பேரில் 75 சதவிகிதம் பேருக்கு விவசாயம்தான் பிழைப்பு என்பதும் அதிலேயே இருக்கிறது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். இது மனிதர் கட்டிய குளம். நெல்லுக்காகக் கட்டியது. பறவை வந்தது அதற்குப் பிறகு.

இங்கே நெல் இரண்டு போகம். சித்திரை வாக்கில் தொடங்கும் கன்னிப்பூ, புரட்டாசி வாக்கில் தொடங்கும் கும்பப்பூ. மேற்கு மலையில் பெய்யும் மழை 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலும், பெருஞ்சாணி அணையிலும் தேங்கி, கால்வாய் வழியாகவும் பழையாறு வழியாகவும் இந்தக் குளங்களுக்கு வருகிறது. கும்பப்பூ பருவத்தில் குளமும் வயலும் நிறைந்திருக்கும்போதுதான் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. டிராக்டர் உழும்போது பின்னாலேயே கொக்குகள் அணிவகுப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரட்டிய மண்ணிலிருந்து வெளிவரும் புழுவும் தவளையும் அவற்றின் பந்தி. அறுவடை நெருங்கும்போது குளம் மெல்ல வற்றும். அப்போது வெளிப்படும் சேற்றில் உள்ளான்களுக்கு விருந்து.

விவசாயியின் நாள்காட்டியும் பறவையின் நாள்காட்டியும் ஒன்றாகவே ஓடுகின்றன. மடையைத் திறப்பதும் மூடுவதும் நெல்லுக்காக. அதனால் பிழைத்துக்கொள்வது பறவை.

மணக்குடி: ஆறு கடலைத் தொடும் இடம்

சுசீந்திரத்திலிருந்து பழையாற்றைத் தொடர்ந்து தெற்கே போனால் மணக்குடி. ஆறு கடலில் கலக்கும் பொழிமுகம். ஒரு கரையில் மேலமணக்குடி, மறு கரையில் கீழமணக்குடி. இரண்டையும் இணைத்து நின்ற பாலம் 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில் அடித்துச் செல்லப்பட்டது. மாவட்டத்தில் அன்று அதிக உயிர்களைப் பறிகொடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று. இப்போது புதிய பாலம் இருக்கிறது.

பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தால் கரையோரம் அடர்பச்சையாக அலையாத்தி மரங்கள். இதைக் கண்டல் என்றும் சொல்வார்கள். உப்புத் தண்ணீரிலும் வளரும் மரம் இது. கொத்துக் கொத்தான வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அலையின் வேகத்தை உடைக்கும். மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் தொட்டிலாக இருக்கும். சுனாமிக்குப் பிறகு இதன் அருமை கடற்கரை மக்களுக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. வனத்துறையும் இங்கே அலையாத்திக் கன்றுகளை நட்டு வளர்த்திருக்கிறது.

பக்கத்தில் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள். உப்பளத்தின் வரப்புகளும் சமதளம்தான். ஆனால் அவை பலர் உழைக்கும் இடம், தனியார் சொத்தும்கூட. அனுமதி இல்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது. சாலையோரம் நின்றே ஆலாக்களையும் உள்ளான்களையும் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருக்கும் வருடங்களில் பூநாரைகளும் வந்து இறங்குவதுண்டு. இளஞ்சிவப்பு வரிசை ஒன்று வெள்ளை உப்புக்கு நடுவே நிற்பதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

தேரூரிலிருந்து மணக்குடி வரை உள்ள இந்த நீர்த் தொடரைத்தான் அரசு 2015-ல் 'சுசீந்திரம் தேரூர் மணக்குடி காப்பகம்' என்று அறிவித்தது. சரணாலயம் என்றால் வேலி போட்டு ஆட்களைத் தடுப்பார்களே என்று பயப்பட வேண்டாம். 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்க்கப்பட்ட பிரிவு இது. சுற்றியுள்ள மக்களையும் சேர்த்துக்கொண்டு அரசு நிலத்தைப் பாதுகாப்பதுதான் இதன் நோக்கம்.

கரை யாருக்குத் தேவை?

சிங்கப்பூரில் சுங்கை பூலோ என்று ஓர் ஈரநிலக் காப்பகம் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்கு நடுவே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கூடப் பறவை பார்க்கலாம். அங்கே போய்வந்த நம்மூர்க்காரர்கள் போட்ட போட்டோக்களைப் பார்த்து, 'இங்கே இப்படி ஒன்று இல்லையே' என்று ஏங்குகிறவர்கள் உண்டு.

ஆனால், நாஞ்சில் நாட்டில் அந்தப் பாதை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. பலகையில் அல்ல, மண்ணில். அதைப் பராமரித்ததும் தனித் துறை இல்லை. கீழே வயல் வைத்திருந்தவர்கள். கரை உடைந்தால் பயிர் போகும். அதனால் கரையை அடைத்தார்கள். குளம் தூர்ந்தால் தண்ணீர் போதாது. அதனால் தூர் எடுத்தார்கள்.

இப்போது அந்த வயல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. குமரி மாவட்டத்தின் நெல் பரப்பு, அரை நூற்றாண்டுக்கு முன்பு இருந்ததில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. களியக்காவிளை பக்கம் ஏலாக்கள் முதலில் வாழையாயின, பிறகு தென்னையும் ரப்பருமாயின. பிறகு வீட்டுமனைகள். கிழக்கேயும் அதே கதை தொடர்கிறது. கேரள எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான நான்குவழிச் சாலைப் பணி, வழியில் உள்ள குளங்களில் மண் நிரப்புவதை எதிர்த்து எழுந்த குரல்களையும் வழக்குகளையும் சந்தித்துப் பல வருடங்கள் இழுத்தது. நகரத்தின் கழிவுநீர் பழையாற்றில் கலக்கிறது. தாமரை கொஞ்சம் இருந்தால் இலைக்கோழிக்கு வீடு. ஆனால் குளம் முழுக்கப் பரவிவிட்டால் மூழ்கி மீன் பிடிக்கும் பறவைக்கு இடமில்லை.

2017-ல் வந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ராம்சார் தலங்களில் நிரப்புவதையும், வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும், குப்பை கொட்டுவதையும் தடை செய்கின்றன. தேரூரும் வேம்பனூரும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. மீதியுள்ள குளங்களுக்கு அந்தப் பட்டம் இல்லை. பறவைக்குப் பட்டம் தெரியாது. இன்று தேரூரில் இருக்கும் நாரை, நாளை இரை தேடிப் பெயர் தெரியாத ஒரு சின்னக் குளத்துக்கும் வயலுக்கும் போகும். அந்தச் சின்னக் குளங்கள் மனையாகிவிட்டால், 94 ஹெக்டேர் மட்டும் தனித்து நின்று எத்தனை காலம் பறவைகளைத் தாங்கும்?

வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத ஒரு நாள் வந்தால், அந்தக் கரை யாருக்கும் தேவையில்லாத மண்மேடாகிவிடும். கரை உங்களுக்கும் எனக்கும் தேவை என்று காட்ட மிக எளிய வழி, அதில் நடப்பதுதான். ஆட்கள் காலையில் வந்து நின்று பறவை பார்க்கும் குளத்தில், இரவோடு இரவாக ஒரு லோடு மண்ணையோ கோழிக்கழிவையோ கொட்டிவிட்டுப் போவது அத்தனை சுலபமில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம்

நாகர்கோவில் வரை போக நேரமில்லாத களியக்காவிளைக்காரர்களுக்கு வேறு இரண்டு வழிகள். தெற்கே இறங்கினால் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணம். அந்தப் பகுதியில்தான் 19-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டிய 'அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்' கால்வாயும் ஓடுகிறது. ஏ.வி.எம். கால்வாய் என்றால் எல்லோருக்கும் புரியும். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுப் பாதையால் இணைக்க நினைத்த கனவு அது. பல இடங்களில் தூர்ந்து கிடந்தாலும், கரையோரம் நிழலாக நடக்கக்கூடிய துண்டுகள் மிச்சம் இருக்கின்றன.

வடக்கே கேரளா பஸ் ஏறினால், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணிக் காயலும் அதை ஒட்டிய புஞ்சக்கரி வயல்களும். அங்கேயும் வயல் வரப்பில்தான் பறவை பார்க்கிறார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் பறவைக்கு ஒரே முகவரிதான்.

கிளம்பும் முன்...

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். வலசைப் பறவைகள் இல்லாத மாதங்களிலும் உள்ளூர்ப் பறவைகள் இருக்கும்.

* மழை பெய்த மறுநாள் மண்கரை வழுக்கும். அன்று கரையை ஒட்டிய சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருப்பைவிட ஷூ நல்லது. புல் மண்டிய இடத்தில் பாம்பு இருக்கலாம். குழந்தைகளை முன்னால் ஓட விடாதீர்கள்.

* சுசீந்திரத்தில் வாகன ஓட்டம் அதிகம். குளத்தைப் பார்த்துக்கொண்டே சாலையில் பின்னால் நகராதீர்கள்.

* பளீர் நிற உடை வேண்டாம். சத்தமாகப் பாட்டு போட வேண்டாம். ரீல்ஸுக்காகக் கல்லெறிந்து பறவைகளைக் கிளப்புவது கூடவே கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வந்தவை, சேர்த்துவைத்த சக்தியை அதில் இழக்கின்றன.

* பைனாகுலர் இருந்தால் நல்லது. ஒன்றை வாங்கி வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தாலே போதும்.

* பசிக்கு ரசவடையும் மட்டிப்பழமும் கையோடு எடுத்துப்போகலாம். தோலும் பேப்பரும் பையிலேயே திரும்ப வரட்டும்.

* வயலில் வேலை செய்பவர்கள், 'எங்கயாக்கும் போறிய?' என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். அது அவர்கள் வரப்பு. எந்தப் பறவை எந்த மூலையில் இருக்கும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பொங்கலுக்கு ஒரு வேலை

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடங்கள் ஓர் இடத்தில் நின்றோ நடந்தோ பறவைகளைப் பார்த்து, எது, எத்தனை என்று எண்ணி, 'ஈபேர்ட்' தளத்தில் பதிவிட வேண்டும். அவ்வளவுதான். காக்கா, மைனா, கொக்கு மூன்றை மட்டும் அடையாளம் தெரிந்தாலும் அது கணக்குதான். ஒரு குளத்தைப் பற்றி நாளை யாராவது 'அங்கே ஒன்றும் இல்லையே' என்று சொன்னால், பதில் சொல்லப்போவது இப்படிச் சேர்ந்த பட்டியல்கள்தான்.

புதுநெல்லைக் கொண்டாடுகிற பண்டிகையின் மறுநாள் காலை, அந்த நெல்லுக்காகக் கட்டிய கரையில் போய் நிற்பதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன இருக்கிறது? பேரன் முக்குளிப்பானைத் தேடட்டும், அம்மா எண்ணிக் குறிக்கட்டும்.

இந்த முறை பாட்டி வண்டியில் உட்கார வேண்டியதில்லை. மெல்ல நடந்து வந்து, தண்ணீரின் மேல் நடக்கும் அந்தக் கோழியை முதலில் கண்டுபிடிப்பவரே அவராகக்கூட இருக்கலாம்.